துருப்பு இல்லாத ஆட்டத்தில் மடக்குவது எப்படி? கம்ப்யூட்டரில் பிரிட்ஜ் பழகுவோம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் மவுஸ் பழகுவதற்கு முதலில் திறக்கப்படுவது பெரும்பாலும் சாலிட்டேர் சீட்டாட்டம்தான். சிறிது நாளில் அது அலுத்துவிடும். தனியாக ஆடும் ஆட்டம், எதிரே ஆள் கிடையாது. விண்டோஸ் 7 வரை கூடவே வந்த ஹார்ட்ஸ் ஆட்டத்தை ஆடியவர்களுக்கு இந்தக் குறை தெரிந்திருக்காது. அதில் நீங்கள் ஒருவர், கம்ப்யூட்டர் மூன்று பேர். இறக்கிய இனத்திலேயே சீட்டுப் போட வேண்டும், துருப்பு கிடையாது.

ஹார்ட்ஸ் புரிந்தவருக்கு அடுத்த படி பிரிட்ஜ். உலக சாம்பியன்ஷிப் நடக்கிற ஆட்டம் இது. 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆண்கள் இணை பிரிவில் இந்தியாவின் பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் ஜோடி தங்கம் வென்றது. அப்போது பர்தனுக்கு வயது 60, சர்க்காருக்கு 56. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசியப் போட்டியில் இந்திய ஆண்கள் அணி வெள்ளி வென்றது.

ஆனால் எங்கள் திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிக்கல். கல்யாண வீட்டு மாடியில் ரம்மிக்கு ஆள் தேட வேண்டியதில்லை, ஜமுக்காளத்தை விரித்தால் போதும். பிரிட்ஜ் தெரிந்த நாலு பேரை ஒரே நேரத்தில் ஒரே மேஜையில் உட்கார வைப்பதுதான் கஷ்டம். அந்த மூன்று பேர் வேலையைக் கம்ப்யூட்டர் செய்துவிடும். அதோடு எப்படிப் பழகுவது, எதை அதனிடம் கற்கலாம், எதைக் கற்க முடியாது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். பிரிட்ஜில் ஆரம்பக்காரர்கள் அதிகம் தடுமாறும் இடத்தையே எடுத்துக்கொள்வோம். எதிரிகள் ‘துருப்பு இல்லை’ என்று ஏலம் எடுத்துவிட்டால் அவர்களை எப்படி மடக்குவது?

இரண்டு நிமிடத்தில் ஆட்டம்

52 சீட்டு, நாலு பேர், ஆளுக்கு 13. எதிரெதிரே இருப்பவர்கள் ஜோடி. வடக்கும் தெற்கும் ஒரு ஜோடி, கிழக்கும் மேற்கும் இன்னொரு ஜோடி. நாலு பேரும் ஆளுக்கொரு சீட்டு இறக்கினால் அது ஒரு பிடி. மொத்தம் 13 பிடி. ஆட்டத்திற்கு முன் ஏலம் நடக்கும். ஏலம் எடுத்தவரின் ஜோடி, முதல் சீட்டு இறங்கியவுடன் தன் 13 சீட்டையும் மேஜையில் திறந்து வைத்துவிட வேண்டும். அந்தக் கைக்கு ‘டம்மி’ என்று பெயர். இரண்டு கையையும் ஏலம் எடுத்தவரே ஆடுவார்.

‘3 துருப்பு இல்லை’ என்றால் 6உடன் 3 சேர்த்து 9 பிடி எடுக்க வேண்டும். முழு ஆட்டத்திற்கான போனஸ் பெற இஸ்பேட் அல்லது ஆர்ட்டின் துருப்பில் 10 பிடியும், டைமண்ட் அல்லது கிளாவரில் 11 பிடியும் வேண்டும். துருப்பு இல்லாமல் 9 போதும். அதனால்தான் மேஜைக்கு மேஜை இந்த ஏலம் வருகிறது. மடக்கும் ஜோடிக்கு வேண்டியது 5 பிடி.

நீளம்தான் பலம்

துருப்பு இருக்கும் ஆட்டத்தில் நீங்கள் ஏஸ் வைத்திருந்தாலும் எதிரி ஒரு சின்னத் துருப்பால் வெட்டிவிடலாம். துருப்பு இல்லாத ஆட்டத்தில் வெட்டு கிடையாது. ஓர் இனத்தில் மற்ற மூவரின் சீட்டும் தீர்ந்துவிட்டால் உங்களிடம் மிச்சமிருக்கும் 3கூட ராஜாதான்.

எனவே மடக்குபவர் தன்னிடம் நீளமாக உள்ள இனத்தை முதலில் இறக்குகிறார். எதிரியின் பெரிய சீட்டுகளை அடித்து வெளியேற்றிவிட்டு, மிச்சத்தைப் பிடிகளாக்குவது நோக்கம். ஏலம் எடுத்தவரும் இதே நேரத்தில் தன் நீளமான இனத்தை வளர்ப்பார். யார் முந்துகிறார்களோ அவர்களுக்கே ஆட்டம். முதல் சீட்டை இறக்குவது மடக்கும் ஜோடி என்பதால் ஓர் அடி முன்னால் இருப்பது நீங்கள்தான்.

ஆனால் சீட்டு வளர்ந்தால் மட்டும் போதாது. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டால் வயல் நனைந்துவிடுமா? மடையைத் திறக்க ஆள் வேண்டும். அதுபோல வளர்ந்த சீட்டுகள் இருக்கும் கைக்கு ஆட்டம் மறுபடி வந்து சேர ஒரு வழி வேண்டும். வேறோர் இனத்தில் பிடி எடுக்கக்கூடிய ஒரு பெரிய சீட்டுதான் அந்த வழி. வழிச்சீட்டு என்று வைத்துக்கொள்வோம். துருப்பு இல்லாத ஆட்டத்தில் பாதித் தோல்விகள் வழிச்சீட்டை அவசரப்பட்டு இறக்குவதால்தான் வருகின்றன.

பதினொன்று விதி

நீளமான இனத்தில் எந்தச் சீட்டை இறக்குவது? மேலிருந்து நாலாவது சீட்டு என்பது பழைய வழக்கம். இதனால் ஜோடிக்கு ஒரு கணக்குக் கிடைக்கிறது. இறக்கிய சீட்டின் எண்ணை 11இலிருந்து கழியுங்கள். வருவதுதான் மற்ற மூன்று கைகளிலும் சேர்த்து அதைவிடப் பெரிதாக உள்ள சீட்டுகளின் எண்ணிக்கை.

மந்திரம் எதுவும் இல்லை. ஜாக்குக்கு 11, ராணிக்கு 12, ராஜாவுக்கு 13, ஏஸுக்கு 14 என்று எண் கொடுத்துப் பாருங்கள். 6ஐ விடப் பெரியவை 14இல் 6 போக 8. அதில் மூன்று இறக்கியவரிடமே இருக்கின்றன, ஏனென்றால் இறக்கியது நாலாவது சீட்டு. மிச்சம் 5. அதாவது 11இல் 6 போனால் 5. இந்த விதியை 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில், பிரிட்ஜுக்கு முந்தைய விஸ்ட் ஆட்டத்திற்காக வெளியிட்டவர் ஆர்.எஃப். ஃபாஸ்டர்.

ஒரு கை ஆடிப் பார்ப்போம்

தெற்கு ‘3 துருப்பு இல்லை’ எடுத்திருக்கிறார். நீங்கள் மேற்கு. நாலு கையும் இதோ:

மேற்கு (நீங்கள்): இஸ்பேட் ராணி, 10, 8, 6, 3. ஆர்ட்டின் ஜாக், 8, 2. டைமண்ட் ஏஸ், 6. கிளாவர் 9, 5, 2.

வடக்கு (டம்மி): இஸ்பேட் 9, 2. ஆர்ட்டின் ராஜா, 7, 4. டைமண்ட் ராணி, ஜாக், 10, 9, 3. கிளாவர் ராஜா, 6, 3.

கிழக்கு (உங்கள் ஜோடி): இஸ்பேட் ஜாக், 7, 5. ஆர்ட்டின் ராணி, 10, 6, 3. டைமண்ட் ராஜா, 7, 4. கிளாவர் ஜாக், 10, 8.

தெற்கு (ஏலம் எடுத்தவர்): இஸ்பேட் ஏஸ், ராஜா, 4. ஆர்ட்டின் ஏஸ், 9, 5. டைமண்ட் 8, 5, 2. கிளாவர் ஏஸ், ராணி, 7, 4.

நீங்கள் இறக்குவது இஸ்பேட் 6. டம்மி 2 போடுகிறது. கிழக்கு கணக்குப் போடுகிறார்: 11இல் 6 போக 5. டம்மியில் ஒன்று (9), தன்னிடம் இரண்டு (ஜாக், 7). அப்படியானால் தெற்கிடம் இரண்டு. கிழக்கு ஜாக்கைப் போடுகிறார். தெற்கு கெட்டிக்காரர். இரண்டு பெரிய சீட்டு கையில் இருந்தும் 4ஐப் போட்டு முதல் பிடியை விட்டுக்கொடுக்கிறார். கிழக்கிடம் இஸ்பேட் சீக்கிரம் தீர்ந்துபோக வேண்டும் என்பது அவர் திட்டம்.

கிழக்கு இஸ்பேட் 7ஐத் திருப்பி இறக்குகிறார். மிச்சம் இரண்டு சீட்டு இருந்தால் பெரியதை முதலில் இறக்குவது வழக்கம். தெற்கு ராஜாவால் எடுக்கிறார், நீங்கள் 3, டம்மி 9. இப்போது தெற்கு டைமண்ட் 2ஐ இறக்குகிறார். உங்கள் முறை. கையில் ஏஸும் 6ம்.

ஆரம்பக்காரரின் கை தானாக ஏஸுக்குப் போகும். எடுத்துப் பாருங்கள். ஏஸால் பிடி எடுத்து இஸ்பேட் ராணியை இறக்குகிறீர்கள். கிழக்கின் கடைசி இஸ்பேட் 5 விழுகிறது, தெற்கு ஏஸால் எடுக்கிறார். உங்களிடம் 10, 8 இரண்டும் இப்போது ராஜாக்கள்தான். ஆனால் தெற்கு மறுபடி டைமண்ட் இறக்கும்போது அதை எடுப்பவர் கிழக்கு. அவரிடம் உங்களுக்குக் கொடுக்க இஸ்பேட் இல்லை. உங்களிடம் வழிச்சீட்டும் இல்லை. தெற்கு 10 பிடி எடுத்துவிடுவார். தேவைக்கு ஒன்று கூடவே!

அதே இடத்தில் டைமண்ட் 6ஐப் போட்டுப் பாருங்கள். டம்மி 9, கிழக்கு ராஜாவால் எடுக்கிறார். கையில் மிச்சமிருந்த இஸ்பேட் 5ஐ இறக்குகிறார். தெற்கின் ஏஸ் வெளியே வந்தாக வேண்டும். இனி தெற்கு எப்படிச் சுற்றினாலும் ஒன்பதாவது பிடிக்கு டைமண்டைத் தொட்டாக வேண்டும். தொட்டால் உங்கள் ஏஸ் காத்திருக்கிறது, பின்னாலேயே இஸ்பேட் ராணியும் 10ம். உங்கள் பக்கம் ஜாக், டைமண்ட் ராஜா, டைமண்ட் ஏஸ், இஸ்பேட் ராணி, 10. மொத்தம் 5 பிடி. ஏலம் தோற்றது.

ஒரே ஒரு சீட்டு! பாடத்தை ஒரு வரியில் வைத்துக்கொள்ளுங்கள்: நீளமான இனம் வைத்திருப்பவர் காத்திருக்க வேண்டும், ஜோடிதான் முதலில் உழைக்க வேண்டும்.

டைமண்ட் ராஜா கிழக்கிடம் இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? நிச்சயமாகத் தெரியாது. ஆனால் கணக்கு உண்டு. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்குக்கு 1 என்று மொத்தம் 40 புள்ளி. டம்மியில் 9, உங்களிடம் 7. தெற்கு ஏலத்தில் 15 முதல் 17 புள்ளி என்று சொல்லியிருந்தால் கிழக்கிடம் 7 முதல் 9. அதில் இஸ்பேட் ஜாக்கின் 1 மட்டுமே வெளியே வந்தது. இன்னும் 6 முதல் 8 புள்ளி எங்கோ இருக்கிறது. டைமண்ட் ராஜா அவரிடம் இருந்தால் ஏலம் தோற்கும், இல்லையென்றால் நம்பிக்கை குறைவு. தோற்கடிக்க எப்படிப் பங்கீடு இருக்க வேண்டுமோ அப்படி இருப்பதாக வைத்துக்கொண்டு ஆடுங்கள்.

ஜோடியோடு சீட்டால் மட்டுமே பேசலாம்

மேலே கிழக்கு 7ஐத் திருப்பியது ஒரு பேச்சு. நீங்கள் நாலாவது சீட்டை இறக்கியதும் பேச்சுதான். விதிப்படி பேசக்கூடியது இவ்வளவே. என்ன வழக்கம் வைத்திருக்கிறோம் என்பதை எதிரிகளுக்கும் சொல்லிவிட வேண்டும். இருமுவது, யோசிப்பதுபோல் நடிப்பது, சீட்டை அழுத்திப் போடுவது எல்லாம் கூடாது.

இதில் எவ்வளவு பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது என்பதை 2015இல் சென்னையே பார்த்தது. அந்த ஆண்டு செப்டம்பர் இறுதியில் உலக அணி சாம்பியன்ஷிப்பான பெர்முடா பவுல் சென்னையில் தொடங்கியது. அதற்குச் சில வாரங்கள் முன்பு நார்வே வீரர் போய் புரோகலாண்ட், முன்னணி ஜோடிகள் சில இரகசிய சைகை வைத்திருப்பதாக வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். இன்டர்நெட்டில் இருந்த போட்டி வீடியோக்களைப் பல நாட்டு ஆட்டக்காரர்கள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு ஜோடி, சீட்டுகள் வரும் போர்டை மேஜையில் எந்த இடத்தில் வைக்கிறது என்பதை வைத்தே, எந்த இனத்தை இறக்க வேண்டும் என்று ஜோடிக்குச் சொல்கிறது என்பது குற்றச்சாட்டு.

இஸ்ரேல், மொனாக்கோ, ஜெர்மனி அணிகள் சென்னைப் போட்டியிலிருந்து விலகின. போலந்தின் ஒரு ஜோடிக்கு அனுமதி மறுக்கப்பட்டது. ஆனாலும் போலந்து அணியே கோப்பையை வென்றது. பின்னர் ஒவ்வொரு வழக்கும் ஒவ்வொரு விதமாக முடிந்தது. போர்டு விவகாரத்தில் சிக்கிய ஜோடிக்கு 2016இல் ஐரோப்பிய பிரிட்ஜ் அமைப்பு தடை விதித்தது. வேறொரு ஜோடிக்கு விதித்த தண்டனையை, ஆதாரம் போதவில்லை என்று 2018இல் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் ரத்து செய்தது.

எந்த இனத்தை இறக்குவது என்ற ஒரு சின்னத் தகவலுக்காக உலகத்தர வீரர்கள் மீது இப்படிப் பழி வந்தது என்றால், மடக்கும் ஆட்டத்தில் அந்தத் தகவலின் விலை என்ன என்று பாருங்கள். அதைச் சீட்டின் மூலமே சொல்லவும் கேட்கவும் பழகுவதுதான் நேர்மையான வழி. இங்கேதான் கம்ப்யூட்டர் நல்ல மேஜையாகிறது. அதற்கு முகம் கிடையாது. ஜோடியின் முகத்தைப் பார்க்கும் பழக்கமே உங்களுக்கு வராது.

கம்ப்யூட்டர் எப்படி யோசிக்கிறது?

டம்மி திறந்ததும் உங்களுக்குத் தெரியாத சீட்டுகள் 26. அவை மற்ற இருவரிடம் 13, 13 ஆகப் பிரிய 1,04,00,600 வழிகள். ஒரு கோடிக்கு மேல்! மனிதர் இவ்வளவையும் பார்க்க முடியாது. கம்ப்யூட்டரும் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. ஏலத்திற்கும் இதுவரை விழுந்த சீட்டுகளுக்கும் ஒத்துவரும் சில பங்கீடுகளைக் குலுக்கி எடுக்கும். ஒவ்வொன்றிலும் நாலு கையும் திறந்திருப்பதாக வைத்துக்கொண்டு கடைசி வரை ஆடிப் பார்க்கும். சராசரியில் எந்தச் சீட்டு நல்லதோ அதை இறக்கும்.

இந்த முறையைப் பிரபலமாக்கியது அமெரிக்கர் மேத்யூ கின்ஸ்பெர்க் எழுதிய ஜிப் என்ற புரோகிராம். 1998இல் கம்ப்யூட்டர்களுக்கான உலக பிரிட்ஜ் சாம்பியன் அதுதான். அதே ஆண்டு பிரான்சின் லீல் நகரில் மனிதர்களோடு ஒரு போட்டியில் கலந்துகொண்டு 35 பேரில் 12ஆவதாக வந்தது. 2022 மார்ச்சில் பாரீஸில் நூக் என்ற புரோகிராம் எட்டு உலக சாம்பியன்களோடு மோதியது. பத்துப் பத்துக் கைகளாக 80 சுற்று. எல்லாமே ‘3 துருப்பு இல்லை’. 67 சுற்றுகளில் நூக் முன்னிலை பெற்றது.

செய்தியைப் படித்தவுடன் ‘பிரிட்ஜும் போச்சு’ என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். லீலிலும் சரி, பாரீஸிலும் சரி, சோதித்தது ஏலம் எடுத்தவரின் ஆட்டத்தை மட்டுமே. ஏலம் எடுத்தவர் தன் இரண்டு கையையும் தானே ஆடுகிறார், யாரிடமும் பேச வேண்டாம். பாரீஸில் மடக்கும் பக்கம் உட்கார்ந்திருந்ததும் கம்ப்யூட்டர்கள்தான். இரண்டு பேர் ஒருவர் மனதை ஒருவர் சீட்டின் மூலம் படிக்கும் வேலை அந்தச் சோதனைக்கு வரவே இல்லை.

அதற்குக் காரணமும் மேலே சொன்ன முறையிலேயே இருக்கிறது. நாலு கையும் திறந்திருப்பதாக எண்ணி ஆடிப் பார்க்கும் புரோகிராமுக்கு, ‘என்னிடம் இது இருக்கிறது’ என்று ஜோடிக்குச் சொல்ல வேண்டிய தேவையே தோன்றாது. எல்லாம் தெரிந்தவருக்கு என்ன சொல்வது? அதனால் உங்கள் கம்ப்யூட்டர் ஜோடி கணக்கில் புலியாக இருந்தாலும், நீங்கள் இறக்கிய 7இன் அர்த்தத்தைக் கவனிக்காமல் போகலாம். கோபிக்காதீர்கள், அது அப்படித்தான்.

உங்கள் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியவை

1. ஃப்ரெட் கிடல்மன் 2001இல் தொடங்கிய பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன் தளத்தைப் பிரவுசரில் திறந்து, ஒரு பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்துக் கணக்குத் தொடங்குங்கள். பயிற்சிக்கு இலவச மேஜைகளே போதும். பணம் கேட்கும் போட்டிகளைத் தொட வேண்டாம்.

2. முதல் வாரம் ஏலத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். மடக்கும் பக்கம் வரும் கைகளில் மட்டும் கவனம் வையுங்கள். டம்மி திறந்தவுடன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு, 11 விதி, 40 புள்ளி என்ற இரண்டு கணக்கையும் காகிதத்தில் போடுங்கள். பிறகு கிளிக் செய்யுங்கள்.

3. ஆட்டம் முடிந்ததும் நாலு கையும் திறக்கும். நாலு கையையும் பார்த்துக் கணக்கிடும் வசதி இருந்தால் அதை கிளிக் செய்யுங்கள். ஒவ்வொரு சீட்டை இறக்கினாலும் முடிவு என்ன என்று காட்டும். நீங்கள் இறக்கிய சீட்டில் ஏலம் தப்பியதா என்று பாருங்கள். ஆனால் அது எல்லாச் சீட்டும் தெரிந்த பின் சொல்லும் விடை. அந்த நேரத்தில் உங்களுக்குத் தெரிந்ததை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடிந்திருக்குமா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

4. மேலே தந்த கையை நீங்களே புரோகிராமில் ஏற்றலாம். பிரிட்ஜ் கைகளைச் சேமிக்க பி.பி.என். என்ற ஃபைல் முறை உண்டு. அது சாதாரண எழுத்து ஃபைல்தான், நோட்பேடிலேயே திறக்கும். ஒவ்வொரு கையும் இஸ்பேட், ஆர்ட்டின், டைமண்ட், கிளாவர் என்ற வரிசையில் நடுவே புள்ளி வைத்து எழுதப்பட்டிருக்கும். மாதிரி ஃபைல் ஒன்றைத் திறந்து சீட்டுகளை மாற்றிச் சேமியுங்கள். சேமிக்கும்போது ஃபைல் வகையில் ‘ஆல் ஃபைல்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் நோட்பேட் பெயருக்குப் பின்னால் டெக்ஸ்ட் ஃபைலுக்கான வாலை ஒட்டிவிடும், பிரிட்ஜ் புரோகிராம் அதை எடுத்துக்கொள்ளாது.

5. ஏற்றிய பின் மூன்றாவது பிடியில் டைமண்ட் ஏஸை ஒருமுறையும், 6ஐ ஒருமுறையும் போட்டுப் பாருங்கள். பிறகு டைமண்ட் ராஜாவைத் தெற்கிற்கு மாற்றி, பதிலாக வேறொரு சீட்டைக் கிழக்கிற்குக் கொடுத்து ஆடுங்கள். ஒரே கையை நாலு விதமாக மாற்றி ஆடுவது, நாற்பது புதிய கைகளை ஓட்டுவதைவிட அதிகம் கற்றுத்தரும்.

இப்படி ஒரு மாதம் பழகிய பிறகு, வீட்டிலோ தெருவிலோ துருப்பு ஆட்டம் தெரிந்த ஒருவரைப் பிடியுங்கள். நாலு பேர் வேண்டாம், ஒருவர் போதும். கம்ப்யூட்டர் எதிரிகளுக்கு எதிராக நீங்கள் இருவரும் ஜோடியாக உட்காருங்கள். நாலாவது சீட்டை இறக்குவது, மிச்சத்தில் பெரியதைத் திருப்புவது என்ற இரண்டே வழக்கத்தோடு தொடங்குங்கள். ஒரு வார்த்தை பேசாமல் ஓர் ஏலத்தை மடக்கிவிட்டால் அடுத்த கையைப் பங்கிடச் சொல்லி அவரே கேட்பார்.